கறிமிளகாயும் ஒரு ஹங்கேரிக்காரரும்

மட்டக்களப்பின் களுதாவளைப் பக்கம் மணல் தோட்டங்களில் காய்க்கும் கறிமிளகாயில் வெளிர்மஞ்சளாக நீண்டு வளரும் ஓர் இனத்துக்கு ‘ஹங்கேரியன் யெலோ வக்ஸ்’ என்று பெயர். ஹங்கேரி, மிளகாய் இரண்டையும் சேர்த்துக் கேட்டாலே எனக்கு ஹங்கேரிய விஞ்ஞானி அல்பேர்ட் சென்ட்-ஜோர்ஜியின் நினைவுதான். உயர்தர வகுப்பில் தசைச் சுருக்கம் படிப்பிக்கும்போதெல்லாம் அவருடைய கதைக்குப் பாதிப் பாடவேளை போய்விடும். போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

1893இல் புடாபெஸ்ற்றில் பிறந்தவர். மருத்துவம் படித்துக்கொண்டிருக்கையில் முதலாம் உலகப் போர் அவரை இழுத்துக்கொண்டது. 1916இல், இனி இந்தக் கொலைக்களத்தில் நிற்பதில்லை என்று முடிவெடுத்துத் தன் கையெலும்பில் தானே சுட்டார். எதிரியின் குண்டு என்று சொல்லி வீடு திரும்பிப் படிப்பை முடித்தார்.

“பொய் சொல்லித்தானே சேர் தப்பினவர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

“ஓம் மகள். ஆனா அந்தப் பொய்யால ஒருத்தரும் சாகல்ல.”

வகுப்பில் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் யுத்தத்துக்குள் வளர்ந்தவர்கள்.

பிறகு கேம்பிரிட்ஜ். மாடுகளின் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அதிரினல் சுரப்பியிலிருந்து ஒரு புதுப் பதார்த்தத்தைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவுக்குப் போய் இறைச்சிக் கொல்களங்களில் சுரப்பிகளை வாங்கி மாதக்கணக்காக உழைத்தும் கிடைத்தது ஏறத்தாழ 25 கிராம்தான். அதை வைத்து மேலே ஆராய வழியில்லை.

நாடு திரும்பி செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பப்ரிக்கா மிளகாய்க்குப் பேர்போன ஊர் அது. ஓரிரவு மனைவி சாப்பாட்டோடு பச்சையாகப் பப்ரிக்கா வைத்தார். இவருக்கு அதைச் சாப்பிட மனமில்லை. ‘இதை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லையே’ என்ற எண்ணம் வர, அதைக் கையோடு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். நடுச்சாமத்துக்குள் விடை தெரிந்துவிட்டது: சுரப்பியில் கிடைத்த அதே பதார்த்தம் அந்தக் காயில் நிறைய இருந்தது. சில வாரங்களில் ஒரு கிலோவுக்கு மேல் பளிங்காகச் சேர்ந்தது. முரசு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கேவி நோயைத் தடுக்கும் விற்றமின் சி அதுதான்.

சுரப்பியோடு அத்தனை காலம் மல்லுக்கட்டியிராவிட்டால் அன்றைக்கு அந்தக் காய் வெறும் கறிச்சாமான்தான். அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1937இல் நோபல் பரிசு. அதோடு இருந்துவிடாமல் தசைக்குத் தாவினார். அக்ரின், மயோசின் என்ற இரண்டு புரதங்களும் சக்தி தரும் ஏரிபியும் சேர்ந்தால்தான் தசை சுருங்குகிறது என்பதைக் காட்டியது அவருடைய செகெட் ஆய்வுகூடம். நாங்கள் பலகையில் கீறும் அந்தப் படத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பின்லாந்து மீது சோவியத் படையெடுத்தபோது தன் நோபல் பதக்கத்தை அந்த நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். 1943இல் விரிவுரை என்ற சாட்டில் இஸ்தான்புல்லுக்குப் போய் நேச நாடுகளோடு இரகசியமாகப் பேசினார். அது ஜேர்மனியருக்குத் தெரிந்துவிட, சொந்த நாட்டிலேயே ஒளிந்து திரிய நேர்ந்தது. போர் முடிந்தும் அங்கே மூச்சுவிட இடமில்லை. 1947இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து வூட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில், கடல் உயிரியல் ஆய்வுகூடத்தில் வேலையைத் தொடர்ந்தார். கடலில் நீந்துவார், மீன் பிடிப்பார். தனக்கு இடம் தந்த நாடு வியட்நாமில் குண்டு போட்டபோது அதையும் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். அந்தத் துணிவுக்காகவே எனக்கு அவரை இன்னும் பிடிக்கும்.

மனைவியையும் மகளையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அதன் காரணத்தை இலத்திரன்களின் நடத்தையில் தேடினார். தேடியது கைகூடவில்லை. 1986இல், தொண்ணூற்று மூன்று வயதில் வூட்ஸ் ஹோலிலேயே காலமானார்.

“ஒண்டுல நிண்டு படிக்கச் சொல்லுங்க சேர், அதையும் இதையும் நோண்டிக்கொண்டு இரிக்கான்” என்று பெற்றோர் கூட்டத்தில் முறையிடும் தாய்மாருக்கு நான் இவருடைய கதையைத்தான் சொல்கிறேன். நோண்டட்டும் அம்மா, கையில் எடுத்ததை அரைகுறையாக விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.