அம்மா போன் ஆன்லதான் இருந்துச்சு, ஊருக்கு மட்டும் சுவிட்ச் ஆஃப்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா வாட்ஸப்ல கூப்பிட்டு, சிலிண்டர்காரன் திரும்பிப் போயிட்டான்டான்னு புலம்புனாங்க. புதுப் பையனாம், வீடு தெரியாம ரெண்டு தடவ போன் அடிச்சிருக்கான், சுவிட்ச் ஆஃப்னு வந்திருக்கு, முக்குக் கடை வரைக்கும் வந்தவன் வண்டியத் திருப்பிட்டான். அந்த நேரத்துல போன் அம்மா கையிலயேதான் இருந்திருக்கு, யூட்யூப்ல கோலம் வீடியோ ஓடிட்டு இருந்திருக்கு. நெட் வருது, வாட்ஸப் வருது, என்கிட்ட வீடியோ கால்ல முகம் பாத்து பேசுறாங்க, ஆனா சாதா கால் உள்ள வரவும் மாட்டேங்குது, வெளிய போகவும் மாட்டேங்குது.

நான் இருக்கறது சென்னை, வீடு பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். நானும் என் போன்ல இருந்து அடிச்சுப் பாத்தேன், அதே பொம்பளக் குரல், சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது. வாட்ஸப்ல அம்மா "ஆன்லதான்டா இருக்கு, பாரு"ன்னு போனை ஆட்டிக் காட்டுறாங்க. எந்த போனை ஆட்டுறாங்களோ அதே கேமராதான, எனக்குத் தெரிஞ்சது மேல சுத்துற ஃபேன் மட்டும்தான்.

முதல்ல எல்லாரும் பாக்கற மாதிரி ரீசார்ஜ் முடிஞ்சிருச்சான்னு பாத்தேன். வேலிடிட்டி முடிஞ்சா முதல்ல அவுட்கோயிங் போகும், அப்புறம் கொஞ்ச நாள்ல இன்கமிங்கும் போயிரும். ஆனா 84 நாள் பேக் போட்டது நான்தான், இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. ஏரோப்ளேன் மோட போட்டு எடுக்கச் சொன்னேன், ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன், ஒண்ணும் இல்ல. அப்புறம் வாட்ஸப்லயே ஸ்கிரீன் ஷேர் போடச் சொல்லி (அதப் போட வைக்கவே கால் மணி நேரம்) ஒவ்வொரு செட்டிங்கா திறந்து பாத்தேன். டோன்ட் டிஸ்டர்ப் ஆஃப்லதான் இருக்கு, பிளாக் லிஸ்ட்ல ஒரே ஒரு லோன்காரன் நம்பர். நடுவுல அம்மா "மேல போன் படம் பக்கத்துல அம்பு மாதிரி ஒண்ணு நிக்குதே, அது என்னடா"ன்னு கேட்டாங்க, அது ஒண்ணும் இல்லம்மா விடுங்கன்னுட்டேன். இத ஞாபகம் வச்சுக்கங்க.

இங்க எனக்கே ஒரு விஷயம் லேட்டாதான் உறைச்சுது. டோன்ட் டிஸ்டர்பா இருந்தா கூப்பிடறவனுக்கு ரிங் போகும், இங்கதான் சத்தம் வராது. பிளாக் பண்ணியிருந்தா பெரும்பாலும் பிஸின்னு வரும், இல்ல ஒரு ரிங்லயே கட்டாயிடும். சுவிட்ச் ஆஃப்னு சொன்னா அது போன் சொல்றது இல்ல, நெட்வொர்க் சொல்றது. போனை நோண்டறதுக்கு முன்னாடி கூப்பிட்டவன் காதுல என்ன கேட்டுச்சுன்னு கேட்டிருந்தா பாதி வேலை அங்கயே முடிஞ்சிருக்கும்.

கஸ்டமர் கேருக்கு 198ல கம்ப்ளெய்ன்ட் போட்டோம், அதுவும் பக்கத்து வீட்டு அக்கா போன்ல இருந்துதான். உங்க ஏரியால டவர் வேலை நடக்குது, 72 மணி நேரத்துல சரியாகும்னு மெசேஜ். அதே கம்பெனி சிம்தான் அந்த அக்காவும் வச்சிருக்காங்க, அவங்களுக்கு ஜம்முனு பேச முடியுது. அப்பா அதுக்குள்ள டிவிஎஸ் எக்ஸெல்ல கிளம்பி டவுன்ல ஒரு மொபைல் கடைக்குப் போயிட்டாரு. பொங்கலுக்கு அப்புறம் டிஸ்ப்ளே மாத்துன அதே கடை. நீதான் ஏதோ பண்ணிட்டன்னு ஏறியிருக்காரு. கடைக்காரர் போனைத் திருப்பிக்கூட பாக்காம நெட்வொர்க் ஐசி (சிக்னல் புடிக்கற சிப்) போயிருச்சு, போர்டு வேலை, 3500 ஆகும்னு சொல்லியிருக்காரு. நெட்வொர்க் ஐசி போன போன்ல சிம் நெட்ல கோலம் வீடியோ எப்படி ஓடும்னு கேக்க அப்பாவுக்குத் தெரியல.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு, சர்வீஸ்ல ஏதும் குளறுபடி ஆகி ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள நம்பர்) போயிருச்சோன்னு. *#06# அடிச்சா நம்பர் வரும், அத பெட்டியில ஒட்டியிருக்கற நம்பரோட ஒத்துப் பாக்கணும். அம்மா பீரோ மேல இருந்து பெட்டியை எடுத்து 15 இலக்கத்தையும் ரேஷன் கார்டு நம்பர் படிக்கற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படிச்சாங்க, சரியாவே இருந்துச்சு.

அப்புறம்தான் புத்தி வந்து சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு. இத முதல் நாளே பண்ணியிருக்கணும். பக்கத்து வீட்டுல ப்ளஸ் டூ படிக்கற பொண்ணு இருக்கு, அது வந்து உதவி பண்ணுச்சு. ஒரு சின்ன விஷயம், சிம் ட்ரே திறக்கற ஓட்டை பக்கத்துலயோ கீழ் பக்கமோ இன்னொரு குட்டி ஓட்டை இருக்கும், அது மைக். அம்மா ஊக்கை எடுத்து நேரா அதுலதான் குத்தப் போயிருக்காங்க, அந்தப் பொண்ணு கையப் புடிச்சு நிறுத்துச்சாம். இல்லன்னா கால் போனாலும் நாம பேசறது யாருக்கும் கேக்காம போயிருக்கும்.

சிம்மை அந்த அக்கா போன்ல போட்டாங்க. அம்மா எனக்கு அடிச்சாங்க, வந்துச்சு! வீட்டுக்குள்ள நின்னே தெளிவா பேசுறாங்க. சரி, போன்தான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டு, திருப்பி நான் அம்மா நம்பருக்கு அடிச்சேன். சுவிட்ச் ஆஃப்.

போன் மாறுச்சு, இன்கமிங் மட்டும் மாறல. அப்பதான் இது ஒரு கோளாறு இல்ல, ரெண்டுன்னு புரிஞ்சுது. அவுட்கோயிங் போகாதது போன்ல இருக்கற தப்பு, இன்கமிங் வராதது சிம்ல, இல்லன்னா அதுக்குப் பின்னாடி கம்பெனி சர்வர்ல இருக்கற தப்பு. நான் ரெண்டு நாளா ரெண்டையும் ஒண்ணா நினைச்சு தேடிட்டு இருந்தேன், எப்படி கிடைக்கும்.

இதுக்கு மேல ஸ்கிரீன் ஷேர்ல முடியாது, அது நடுநடுவுல கட்டாகுது, அம்மாவுக்கும் பிபி ஏறுது. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்துல பஸ் ஏறிட்டேன்.

சனிக்கிழமை காலைல காபி குடிச்சுட்டு போனைக் கையில எடுத்து, நம்பரைப் போட்டு, இந்தத் தடவ நம்பரைப் பாக்காம மேல ஓரத்துல இருக்கற நெட்வொர்க் அடையாளத்தையே பாத்துட்டு இருந்தேன். கால் பட்டனை அமுக்குன உடனே 4ஜின்னு இருந்தது மறைஞ்சுது, ஒரு ரெண்டு செகண்ட் ஒண்ணுமே இல்ல, அப்புறம் ஒத்தக் கோட்டோட இங்கிலீஷ் ஈ எழுத்து (அது 2ஜி சிக்னல்) எட்டிப் பாத்துச்சு, அதுவும் போச்சு, கால் கட். பத்து செகண்ட்ல மறுபடி 4ஜி வந்து உக்காந்துருச்சு. மொட்டைமாடிக்குப் போய் அதையே பண்ணேன், ஈ நின்னுச்சு, கால் போயிருச்சு!

விஷயம் என்னன்னா, 4ஜி அடிப்படையில நெட்டுக்குன்னே கட்டுன ரோடு. பழைய 2ஜி, 3ஜி மாதிரி பேச்சுக்குன்னு தனி வழி அதுல கிடையாது. 4ஜிலயே பேசணும்னா வோல்ட்டிங்கற வசதி போன்ல ஆன்ல இருக்கணும், பேச்சையும் நெட் மாதிரி பொட்டலம் கட்டி அனுப்பும். அது ஆஃப்ல இருந்தா ஒவ்வொரு காலுக்கும் போன் 4ஜியை விட்டு இறங்கி 2ஜியோ 3ஜியோ தேடி ஓடணும். 3ஜியை ஏர்டெல் 2020லயே மூட்டை கட்டிட்டாங்க, ஜியோ 2016ல ஆரம்பிக்கும்போதே 2ஜி, 3ஜி ரெண்டும் இல்லாமதான் வந்துச்சு. எங்க ஊர்ல அம்மாவோட சிம்முக்கு மிச்சம் இருக்கறது 2ஜி, அது வீட்டுக்குள்ள நுழையாது, மாடியில மட்டும் கொஞ்சம் கிடைக்கும். நெட் மட்டும் பிரமாதமா வர்றதுக்கும் கால் போகாததுக்கும் காரணம் இதுதான்.

செட்டிங்ஸ்ல சிம் கார்டு பக்கம் போய், சிம் 1 குள்ள வோல்ட்டி கால்ஸ்னு ஒரு பட்டன், ஆஃப். சில போன்ல அது 4ஜி காலிங்னு இருக்கும், சிலதுல கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்னு போகணும், ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு இடத்துல ஒளிச்சு வச்சிருப்பான். டிஸ்ப்ளே மாத்தும்போது கடையில ரீசெட்டும் அடிச்சிருக்காங்க, அதுல ஆஃப் ஆயிருக்கணும். ஆன் பண்ணேன், மேல வோல்ட்டின்னு சின்ன எழுத்து வந்துச்சு, வீட்டுக்குள்ள இருந்தே கால் போயிருச்சு. 3500 ரூபா ஐசி.

சரி, இன்கமிங்? டயல் பண்ற இடத்துல *#35# அடிச்சேன், அது கால் பாரிங், யாராவது உள்ள வர்ற கால்களத் தடுத்து வச்சிருந்தா காட்டும். எல்லாம் ஆஃப். அடுத்து *#21#, வர்ற கால வேற நம்பருக்குத் திருப்பி விட்டிருந்தா காட்டும். ஒரு நொடி சுத்திட்டு வந்துச்சு, வாய்ஸ் கால் ஃபார்வர்டிங் ஆன், பக்கத்துல ஒரு நம்பர். எனக்கு பகீர்னு ஆயிருச்சு. கொரியர்லேர்ந்து பேசுறேன், பார்சல் வரணும்னா 21ல ஆரம்பிக்கற இந்த நம்பர அடிங்கன்னு சொல்லி காலை எல்லாம் அவன் பக்கம் திருப்பிக்கற திருட்டு கும்பல் இருக்கு, அப்படித் திருப்பிட்டா கால்ல வர்ற ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும், வாட்ஸப்பையே தூக்கிருவான். சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிக்கணுமா, பேங்க்ல சொல்லணுமான்னு கை நடுங்க அந்த நம்பர இன்னொரு தடவ படிச்சேன்.

அது அப்பா நம்பர்.

திருப்பி விட்டது யாருன்னா, நான்தான். பொங்கலுக்கு வந்தப்ப அம்மா போன் டிஸ்ப்ளேவுக்குக் கடைக்குப் போச்சு, நாலு நாள் ஆகும்னாங்க, சொந்தக்காரங்க கால் எதுவும் மிஸ் ஆகக்கூடாதுன்னு குடுக்கறதுக்கு முன்னாடி நானே *21* போட்டு அப்பா நம்பர அடிச்சு கடைசில # போட்டு திருப்பி விட்டுட்டு சென்னைக்கு வந்துட்டேன். அது போன்ல பதியறது இல்ல, கம்பெனி சர்வர்ல பதியறது. சிம்மை எந்த போன்ல போட்டாலும் அது கூடவே வரும், ரீசெட் அடிச்சாலும் போகாது. அம்மா கேட்ட அந்த அம்பு, அதேதான்.

அப்ப ஆறு வாரமா எப்படி யாருக்கும் தெரியலன்னு கேப்பீங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்காங்க. அம்மாவுக்கு வர்ற கால் எல்லாம் அப்பா போன்ல அடிச்சிருக்கு, அப்பா எடுத்து "இந்தா உங்க அக்கா"ன்னு குடுத்துட்டே இருந்திருக்காரு. உங்க வீட்டு ஆளுங்க எல்லாம் ஏன் எனக்கே போன் பண்றாங்கன்னு அவர் முனகுனது எனக்கே ஞாபகம் இருக்கு. அவுட்கோயிங் வேணும்னாலும் அப்பா போன்தான் தெளிவா கேக்குதுன்னு அம்மா அதையே எடுத்துக்குவாங்க, எங்களுக்கு வாட்ஸப். அந்தத் திங்கக்கிழமை சாயங்காலம் அப்பா மோட்டார் போடப் போய் குனிஞ்சப்ப சட்டைப் பையில இருந்த போன் தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துருச்சு. அரிசி டப்பாவுல ரெண்டு நாள் புதைச்சு வச்சாங்க, அரிசி வேஸ்ட்டானதுதான் மிச்சம். அவர் போன் செத்ததும் அம்மா நம்பருக்கு வந்த கால் எல்லாம் செத்த போன் வாசல்ல போய் நின்னிருக்கு. சுவிட்ச் ஆஃப்னு அந்தப் பொம்பள சொன்னது பொய்யே இல்ல, யாரோட போன்ங்கறதுதான் நமக்குத் தெரியல.

##21# அடிச்சேன், எடுத்துட்டோம்னு வந்துச்சு. ##002#னு ஒண்ணு இருக்கு, எல்லா ஃபார்வர்டிங்கையும் மொத்தமா தூக்கிரும், அதையும் அடிச்சேன். ஒரு விஷயம், நீங்க செக் பண்றப்ப பிஸியா இருந்தா (*#67#), எடுக்கலன்னா (*#61#), சிக்னல் இல்லன்னா (*#62#) இதுக்கெல்லாம் ஏதாவது நம்பர் காட்டுச்சுன்னா உடனே பதறாதீங்க, மிஸ்டு கால் அலர்ட்டுக்கோ வாய்ஸ் மெயிலுக்கோ கம்பெனியே போட்டிருக்கற நம்பராவும் இருக்கும். 21ல தெரியாத நம்பர் இருந்தாதான் வயித்தைக் கலக்கணும்.

திண்ணையில உக்காந்து என் போன்ல இருந்து அடிச்சேன். உள்ள அடுப்படியில மணி அடிச்சுது. அம்மா எடுத்து, பத்தடி தூரத்துல உக்காந்துட்டு எதுக்குடா காசைக் கரைக்கறன்னு கட் பண்ணிட்டாங்க.

யார் பண்ணதுன்னு அப்பா கேட்டாரு. ஒளிக்க முடியல, சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் எக்ஸெல் சாவியை எடுத்து என் கையில குடுத்தாரு. "அந்தக் கடைக்காரனை நாலு பேர் முன்னாடி திட்டிட்டு வந்துட்டேன், நீ போய் அவன்கிட்ட சொல்லிட்டு வா. அப்படியே எனக்கு ஒரு போன் பாத்துட்டு வா, பட்டன் போனே போதும்."