மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு விலை என்ன?

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் நான்கு கிளைகளுக்கு மேலாளர் தேடிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், முறையான நேர்காணல் நடத்த ஒன்றரை லட்சம் கேட்கிறார்களே, அதனால் நமக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். செட்டிநாட்டில் இதற்குக் கணக்காகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கான சூத்திரத்தை உளவியலாளர் பிராக்டன் 1949இல் வகுத்தார். கிரான்பாக்கும் கிளேசரும் 1957இல் விரிவாக்கினார்கள். எத்தனை பேரை எடுக்கிறோம், எத்தனை ஆண்டு இருப்பார்கள், தேர்வில் பெறும் மதிப்பெண் பின்னர் செய்யும் வேலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது, எடுக்கப்பட்டவர்கள் சராசரி விண்ணப்பதாரரைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறார்கள், திறனில் ஒரு திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை அளக்கும் அலகு) கூடினால் அது ஆண்டுக்கு எத்தனை ரூபாய் ஆகிய ஐந்தையும் பெருக்கிச் செலவைக் கழிக்க வேண்டும்.

சாக்கெட் குழுவினர் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணலின் ஒட்டுறவு, அதாவது மதிப்பெண் பின்னர் செய்யும் வேலையோடு ஒத்துப்போகும் அளவு, 0.42, பேச்சுப்போக்கில் நடத்தும் நேர்காணலுடையது 0.19. பன்னிரண்டு பேரில் நால்வர் (சராசரியைவிட ஏறத்தாழ ஒரு திட்ட விலக்கம் உயரம்), மூன்று ஆண்டு, ஆறு லட்சம் ஆண்டுச் சம்பளம், ஒரு திட்ட விலக்கத்தின் மதிப்பு வழக்கமான அனுமானப்படி அதில் 40 சதவீதம் என்று வைத்தால் இரு முறைகளுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 6.6 லட்சம், செலவு போக ஐந்து லட்சம்.

“அந்த ஐந்து லட்சம் எந்த ஏட்டில் வரும்?” என்றார் நண்பர். நியாயமான கேள்விதான். ஆய்வாளர்கள் லேதமும் வைட்டும் 1994இல் செய்த ஆய்விலும் இத்தகைய தொகையைக் காட்டியபோது நிர்வாகிகளின் ஆதரவு கூடவில்லை, குறைந்தது. என் பார்வையில் பலவீனமான இடம் அந்த 40 சதவீதம். மற்ற நான்கையும் எண்ணியோ அளந்தோ சொல்லலாம், இதை மட்டும் ஊகிக்கிறோம்.

செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவில் கொண்டுவிற்ற (வட்டித்தொழில் நடத்திய) காலத்தில் இந்த ஊகம் தேவைப்படவில்லை. பெட்டியடிப் பையனாக (கடைநிலை உதவியாளாக) சேர்ந்து, அடுத்தாளாகிக் கணக்கில் தேறியவரே மேலாளாக (கிளைப் பொறுப்பாளராக) அனுப்பப்பட்டார். (என் ஐயா அடுத்தாளோடு நின்றுவிட்டார், ஏனென்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.) மூன்றாண்டுத் தவணை முடிந்து ஒவ்வொருவரும் ஒப்படைத்த ஐந்தொகைகளை (வரவு செலவு நிலைக் கணக்குகளை) வரிசையாக வைத்தால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் ரூபாயிலேயே தெரியும். ஆனால் 1930களில் நெல் விலை சரிந்தபோது கெட்டிக்கார மேலாளின் ஐந்தொகையும் மோசமாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே கிளைகளின் மூன்றாண்டுக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கடைவீதிக் கிளையின் லாபத்தில் இடத்துக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று முதலில் பிரிக்க வேண்டும்.