முங்கி எழுந்த முருகன்

அம்மா நேர்ந்துகொண்டது 2023 டிசம்பர் 18 விடியற்காலையில். நான் சென்னையில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில், வீட்டு மொட்டைமாடியில், ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைத் திறந்துவிட்டார்களாம் என்று முந்தின ராத்திரி போனில் சொன்னதோடு சரி. அதன்பிறகு கரண்ட் இல்லை, டவர் இல்லை. அப்பாவுக்கு இன்சுலின் வேறு போட வேண்டும். "குறுக்குத்துறை முருகா, இவங்கள நல்லபடியா இறக்கி விட்ருப்பா, உனக்குப் பால்குடம் எடுக்கேன்" என்று மாடியில் நின்றே மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்திருக்கிறாள்.

குறுக்குத்துறைக் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருப்பது. அவள் வேண்டிக்கொண்ட நேரத்தில் அந்த முருகனே வெள்ளத்தில் முங்கித்தான் இருந்தார். பிற்பாடு இதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "அதனாலதாம்ல அவன்ட்ட கேட்டேன். தண்ணிக்குள்ள கிடக்கவனுக்குத்தான தண்ணியப் பத்தித் தெரியும்?"

என் லீவு, அப்பாவின் முழங்கால் என்று தள்ளித் தள்ளிப்போய், தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில்தான் வாய்த்தது. அதுவரை வீட்டு ஹாலில் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோட்டின்மேல் வெள்ளையடிக்க அம்மா விடவில்லை. கடன் தீராமல் சுவரைத் தொடக்கூடாதாம்.

விடிவதற்குள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டோம். அப்படியும் கூட்டம். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பச்சை வேட்டியோடு படித்துறை முழுக்க நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. செந்தூர் மூலவருக்கே இந்தக் குறுக்குத்துறைப் பாறையில்தான் கல்லெடுத்துச் செதுக்கினார்கள் என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். இந்த இடத்துக்குத் திருவுருமாமலை என்ற பேரே அப்படி வந்ததுதானாம்.

ஆனால் ஆற்றைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது. பொதிகையில் கண்ணாடி மாதிரி புறப்படுகிற தாமிரபரணி, ஊருக்குள் வந்ததும் சாக்கடையையும் சேர்த்துச் சுமக்கிறது. முங்கி எழுந்தால் காலில் யாரோ பரிகாரம் என்று அவிழ்த்துவிட்ட பழஞ்சேலை சுற்றுகிறது. ஷாம்பு பாக்கெட் வேறு. கரையில் ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்து, "சீக்கிரம் உள்ள விட்டுருதேன், ஐந்நூறு குடுங்க" என்றார். இந்தக் கோயிலுக்கே இப்படியென்றால் பெரிய கோயில்களைப் பற்றி என்ன சொல்ல! அம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈரச் சேலையோடு குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அப்பா மட்டும் உள்ளே வராமல் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டார். நீர் வருகிற பக்கத்துக் கல்கட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சாமியைவிடச் சுவர்தான் முதலில் கண்ணில் படும். அந்தப் பக்கத்தைப் படகின் முனைபோல் கூராகக் கட்டியிருக்கிறார்கள். பாய்ந்து வருகிற வெள்ளம் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து, இருபுறமும் வழிந்து ஓடிவிடும். நெல்லையப்பர் கோயில் மாதிரி வானத்தைத் தொடுகிற வேலையெல்லாம் இங்கே கிடையாது. கல்லோடு கல் அடுக்கித் தணிந்து உட்கார்ந்திருக்கிற கட்டடம். "தண்ணி வராமத் தடுக்கணும்னு கட்டலல இத. வரட்டும், மேலேறிப் போகட்டும்னு கட்டியிருக்கான்" என்றார். நாங்கள் ஆற்றோரத்தில் கட்டின வீட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகினால் உற்சவரையும் சாமான்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் இருந்த இடத்திலேயே இருப்பார். வெள்ளம் வடிந்ததும் வண்டலை அள்ளிப் போட்டுவிட்டுக் கழுவிப் பூசை. வரிசையில் முன்னால் நின்ற ஒரு அண்ணாச்சி இதைச் சொல்லும்போது, வீட்டில் வருஷாவருஷம் ஒட்டடை அடிப்பதைச் சொல்கிற மாதிரியே சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரே தள்ளு. செல்போனை உயர்த்திப் பிடித்த கை ஒன்று என் காதை உரசிக்கொண்டு போயிற்று.

சன்னிதிக்கு வந்துவிட்டோம். வள்ளி தெய்வானையோடு நிற்கிறான். அம்மா கொண்டுவந்த பால் அவன் தலையில் விழுந்து, முகத்தில் வழிந்து, மார்பில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "சாமி, அன்னைக்குத் தண்ணி எவ்வளவு உயரம் இருந்துச்சு இங்க?"

அர்ச்சகர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். விரலை முருகன் தலைக்கு மேலே, நிலைக்கு மேலே, விதானக் கல்வரை கொண்டுபோய், "அதுக்கும் மேல" என்பதுபோல் ஒரு சுழற்று சுழற்றினார். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். பின்னாலிருந்த தள்ளுகூட ஒரு நொடி நின்றது. நாங்கள் நிற்கிற இந்த இடம், இந்த விளக்கு, இந்த முகம், எல்லாவற்றுக்கும் மேலே ஆறு ஓடியிருக்கிறது. மாடியில் அப்பா குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இவனும் இங்கே, இருட்டில், தனியாக.

தீபாராதனை காட்டினார்கள். பால் சொட்டும் முகத்தில் கற்பூர வெளிச்சம் விழுந்தது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே நின்றார். கண்ணாடிக்குக் கீழே ஈரம். முருகா, முருகா என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரையும் பத்திரமாகத் திருப்பித் தந்தாயே அப்பனே. சென்னையில் போனையே பார்த்துக்கொண்டு கிடந்த அந்த ஒன்றரை நாளை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. வேறென்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றவே இல்லை. வேலை மாற்றத்துக்கு வேண்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

வெளியே வந்து மண்டபத்தில் உட்கார்ந்தோம். தூண் சிற்பம் ஒன்றின் மடிப்பில் காய்ந்த வண்டல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை நகத்தால் சுரண்டி எடுத்து, விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து மடித்துக்கொண்டாள்.

ஆட்டோவில் ஏறியதும் முதலில் சொன்னது: "ஏல, வெள்ளையடிக்க ஆள் சொல்லிரு. நாளைக்கே வரச் சொல்லு."