"ஏண்ணா அவங்க பக்கம் பேசுறீங்க?"

கல்லூரியில் படிக்கிற பெண், அப்பா அம்மாவோடு வந்திருந்தாள். குன்னூரில் லேடி கேனிங் சீட் என்கிற வியூ பாயிண்டில், ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன்: கவர்னர் ஜெனரல் கேனிங் பிரபுவின் மனைவி சார்லட் கேனிங், 1858ல் குன்னூரில் வந்து தங்கியவர், மலை, மரம், செடிகொடி என்று வாட்டர்கலரில் வரைந்து தள்ளியவர். போனில் அவர் வரைந்த படம் ஒன்றையும் காட்டினேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள், "1858னா வடக்கே சிப்பாய்களைத் தூக்குல போட்டுட்டு இருந்த வருஷம்தானேண்ணா? அப்போ இவங்க இங்க உக்காந்து மேகம் வரைஞ்சாங்களா?"

"ஆமாம்மா" என்று முடித்திருந்தால் வண்டி அடுத்து டால்பின் நோஸ் போயிருக்கும். நான் விடவில்லை. பழிவாங்குவதற்குக் கடிவாளம் போட்டதால் கேனிங்கை வெள்ளைக்காரர்களே 'கருணை கேனிங்' என்று கிண்டலடித்தது, வெள்ளைக்காரப் பெண்களைக் கலகக்காரர்கள் மானபங்கம் செய்தார்கள் என்று லண்டனில் பரவிய கதைகளுக்கு நம்பும்படியான ஆதாரம் இல்லையென்று இந்தம்மாவே விக்டோரியா ராணிக்கு எழுதியது, எல்லாவற்றையும் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டவள், "நீங்க ஏண்ணா அவங்க பக்கம் பேசுறீங்க?" என்றாள். சண்டைக்குக் கேட்ட மாதிரி தெரியவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பக்கம் பேசினேனா? சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பெயரே அவருடையது, அங்கே நின்றுகொண்டு அவரைத் திட்டினால் பார்ட்டிக்கும் முகம் சுருங்கும். சரி, அது தொழில். ஆனால் தொழிலுக்காக மட்டும் பேசவில்லை, எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். குன்னூர் மிஸ்டில் வாட்டர்கலர் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. என் மகள் போடும்போது பார்த்திருக்கிறேன், முதல் வாஷ், அதாவது தண்ணீராய்ப் பூசும் முதல் பூச்சு, காயவே காயாது, அவசரப்பட்டு மேலே பச்சையை வைத்தால் மலையின் விளிம்பு அப்படியே வானத்துக்குள் ஓடிவிடும், வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தின் வெள்ளையைத் தொடாமல் விட வேண்டும், தொட்டால் போச்சு. இந்தம்மா விற்பதற்காக வரைந்தவரில்லை. நான்கு பெரிய பயணங்களில் வரைந்ததில் 350 படங்கள் போல லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அன்றைக்கு ரயிலும் கிடையாது (குன்னூருக்கு ரயில் வந்ததே 1899ல்தான்), காட் ரோடு ஏறித்தான் வர வேண்டும்.

ஏறியது யார் காலில் என்று அந்தப் பெண் கேட்டிருப்பாள். பெட்டி, நாற்காலி, குடை, எல்லாவற்றையும் சுமந்தவர்கள் யாராவது இருந்திருப்பார்கள்தானே.

அப்புறம் இன்னொன்று. ஜான்சி ராணி குவாலியரில் உயிரை விட்டது அதே 1858 ஜூனில். நாடு எரிகிறது என்று தெரியாமல் வரைந்தவர் என்றால்கூட மனசு ஆறும், இவருக்கோ எல்லாம் தெரியும், கடிதங்கள் முழுக்க அந்தப் பேச்சுதான். நான் பார்த்த மலைப் படங்களில் மட்டும் அதன் நிழல்கூட இல்லை. பேனாவால் முடிந்தது தூரிகையால் முடியவில்லையா, வேண்டாம் என்று விட்டாரா? மனசு ஆறுவதற்குத்தான் வரைந்தார் என்று எனக்குத் தோன்றும். உடனே, தூக்கில் தொங்கியவன் வீட்டில் எதைப் பார்த்து மனசு ஆறினார்கள் என்றும் தோன்றும். மங்கள் பாண்டே 1857ல் துப்பாக்கியைத் தூக்கிய, கல்கத்தா பக்கத்திலிருக்கும் அதே பராக்பூரில்தான் இவர் தோட்டம் போட்டார். 1861ல் டார்ஜிலிங் பக்கம் போய்த் திரும்பும்போது தொற்றிய காய்ச்சலில், 44 வயதில் கல்கத்தாவில் இறந்து, அதே பராக்பூரில்தான் புதைக்கப்பட்டார். இதைச் சொல்லும்போதும் என் குரலில் ஒரு பரிதாபம் வந்துவிடுகிறது, பாருங்கள்.

இப்போதெல்லாம் ஜான்சி ராணியையும் சேர்த்தே சொல்கிறேன். போன சீசனில் ஒரு பெரியவர், "ஊர் சுத்திப் பார்க்க வந்த இடத்துல எதுக்குப்பா தூக்குக் கதை?" என்று அலுத்துக்கொண்டார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. பெண்ணுக்குப் பதில் சொல்லத்தான் சேர்த்தேன், ஆனால் அவள் கேட்டது ஜான்சி ராணியைப் பற்றி இல்லையே, என்னைப் பற்றி அல்லவா.