ஸ்கேன் நார்மல், ஆனால் பில் பாதியில் நிற்கிறது

"ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க மேடம். நடக்கிறார், பேசுறார், ஆனா எதையும் முழுசா முடிக்க மாட்டேங்கிறார்." சென்னையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பயிற்சி தருபவராக இருக்கும் நான், பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர்களின் வீட்டார் சொல்லி அடிக்கடி கேட்பது இது. கூடவே "சோம்பேறி ஆயிட்டார்" என்பதும் வரும். அதுதான் எனக்குத் தாங்காது. அடிபட்ட வேகத்தில் மூளை குலுங்கும்போது அதன் நரம்பிழைகள் இழுபட்டுச் சிதைவது சி.டி. ஸ்கேனில் பல நேரம் தெரியாது. எதையும் முடிக்கத் தேவையான கவனமோ, மூளையின் பல பகுதிகள் அந்த இழைகள் வழியாகச் சேர்ந்து செய்யும் வேலை.

ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். அமைதியான அறையில் கணக்கெல்லாம் சரியாகப் போட்டார். கடையிலோ இரண்டு பேர் விலை கேட்டு, போனும் அடித்து, வெளியே ஹாரனும் சேர்ந்துவிட்டால் பில் பாதியில் நின்றுவிடும். சோல்பெர்க், மேட்டீர் என்ற இரு ஆய்வாளர்கள் 1987-இல் கவனத்தை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். ஒரே வேலையில் நிலைத்திருப்பது வேறு, இரைச்சலை ஒதுக்குவது வேறு, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போய்த் திரும்புவது வேறு. இவருக்கு முதலாவது இருந்தது, மற்றவை தடுமாறின.

மூளை விளையாட்டு ஆப் போதுமா என்று அவர் மனைவி கேட்டார். ஆப்பில் ஸ்கோர் ஏறும், ஆனால் அந்த முன்னேற்றம் கல்லாவுக்கு வந்து சேர்வது குறைவு. அதனால் பயிற்சியைக் கடையிலேயே வைத்தோம், முதலில் கூட்டமில்லாத காலை நேரத்தில். போன் சைலண்டில். பில் எழுதும்போது யாராவது கூப்பிட்டால், "ஒரு நிமிஷம்ணே, இதை முடிச்சிட்டு வரேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுந்து போகத்தான் வேண்டும் என்றால் நிறுத்திய வரியில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போக வேண்டும். சொல்லச் சுலபம், பழக வாரக்கணக்கில் ஆனது.

அப்புறம் களைப்பு. அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும், களைத்தால் முதலில் போவது கவனம், கூடவே கோபமும் வரும். களைத்த பிறகு படுப்பதைவிட அதற்கு முன்பே ஓய்வெடுப்பது நல்லது. வீட்டில் அவரோடு பேசும்போது டிவியை அணைக்கச் சொன்னேன்; சண்டை குறைந்தது என்றார் மனைவி.

டிஸ்சார்ஜ் ஆகும்போது பிசியோவுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், ஆக்குபேஷனல் தெரபிக்குப் பல நேரம் எழுதுவதில்லை. தலைக்காயம் என்றால் நீங்களே கேளுங்கள், கை கால் நன்றாக இருந்தாலும்.

கடைக்காரர் இப்போது பகலில் தனியாகக் கல்லாவில் உட்காருகிறார். மாலைக் கூட்டத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். அந்த ஏற்பாட்டை முடிவு செய்தது அவரேதான்.