‘ஹௌகென்’ எப்படி ‘ஹில்’ ஆனது

என் கணவரின் குடும்பப் பெயர் ஹில். அமெரிக்காவின் மினசோட்டாவில் நான்கு தலைமுறைகளாக வாழும் இக்குடும்பத்தார், தங்கள் மூதாதை நார்வேயிலிருந்து வந்தவர் என்பதை அறிந்திருந்தார்கள். நார்வேக்காரருக்கு ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும், நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுவோரைச் சோதித்த எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரி மாற்றி எழுதிவிட்டார் என்பார்கள். 1900ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்த அன்றே அக்கதை பொய்த்துப்போனது. அவர் குடியேறிய ஆண்டு அதில் 1882 என்று இருந்தது. எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டதே 1892இல்தான். அங்கிருந்த அதிகாரிகளும் கப்பலில் வந்த பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தார்களே தவிர, எவருக்கும் புதுப்பெயர் சூட்டவில்லை.

நான் நேராக நார்வே ஆவணங்களுக்குள் இறங்கி ‘ஹில்’ என்று தேடி ஒரு மாதத்தை வீணாக்கினேன். அமெரிக்க ஆவணங்களை முழுவதுமாகப் பார்த்து முடிக்காமல் கடல் தாண்டக் கூடாது என்பது பிறகுதான் புரிந்தது. நார்வேக்காரர்கள் இங்கே நிறுவிய லூத்தரன் சபைகள் தங்கள் பதிவேடுகளை நெடுங்காலம் நார்வேஜிய மொழியிலேயே எழுதிவந்தன. 1886இல் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவில் தந்தையின் பெயர் ‘ஓலே லார்சன் ஹௌகென்’ என்றும், 1897இல் கடைசிக் குழந்தையின் பதிவில் ‘ஓலே ஹில்’ என்றும் இருந்தது. ‘ஹௌக்’ என்றால் மேடு, ஆங்கிலத்தில் ‘ஹில்’. ஈற்றில் வரும் ‘என்’, ‘அந்த’ என்று சுட்டும் விகுதி. பெயரை யாரும் சிதைக்கவில்லை, அவரே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார்.

ஊரின் முதலெழுத்தையும் அப்பாவின் முதலெழுத்தையும் முன்னால் போட்டுப் பள்ளியில் சேர்க்கப்பட்டவள் நான். அதனால் ஓலே என்பது அவர் பெயர், லார்சன் என்பது லார்ஸின் மகன், ஹௌகென் என்பது அவர் குடியிருந்த இடம் என்ற முறை எனக்கு உடனே பிடிபட்டது. கணவர் வீட்டாருக்கு விளக்கத்தான் நேரமாயிற்று. மகளானால் லார்ஸ்டாட்டர். வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் மூன்றாம் பகுதியும் மாறிவிடும். நிலையான குடும்பப் பெயரை நார்வே சட்டம் கட்டாயமாக்கியது 1923இல்தான்.

ஹௌகென் என்ற பெயரில் நார்வே முழுவதும் இடங்கள் உண்டு என்பதால் வட்டாரம் தெரியாமல் தேடிப் பயனில்லை. சபைப் பதிவேட்டில் பிறந்த இடம் சோக்ன் பகுதியின் ‘லிஸ்டர்’ என்று இருந்தது. இன்றைய வரைபடத்தில் அது லுஸ்டர். நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல் தளத்தில் 1865, 1875 கணக்கெடுப்புகளையும் தேவாலயப் பதிவேடுகளின் படிகளையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அங்கே 1859இல் பிறந்த ஓலே லார்சன்கள் இருவர் கிடைத்தார்கள். முதலாமவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு தலைமுறை பின்னோக்கிப் போன பிறகு, அந்தக் குழந்தை 1863இலேயே அடக்கம் செய்யப்பட்டதைக் கண்டேன். இப்போதெல்லாம் அடக்கப் பதிவுகளைப் பார்த்த பின்புதான் மற்றவற்றைத் தொடுகிறேன்.

இரண்டாமவரின் பிறந்த நாள், கல்லறைக் கல்லில் இருந்த நாளோடு பொருந்தியது. அவருடைய ஞானஸ்நானப் பதிவைப் படித்தெடுக்கவே இரண்டு மாலைகள் பிடித்தன. பழைய கோதிக் கையெழுத்தில் ‘என்’ (n) எழுத்தும் ‘யு’ (u) எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். யு என்றால் தலைக்கு மேல் ஒரு சிறு வளைவு போட்டிருப்பார்கள். எழுத்துகளை வரைந்து கணினித் திரையோரம் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஞானஸ்நானப் பதிவில் பண்ணையின் பெயர் ஹௌகென் அல்ல, வேறொன்று! 1875 கணக்கெடுப்பில்தான் குடும்பம் ஹௌகெனுக்கு வந்திருந்தது. தந்தையின் தொழில் ‘ஹுஸ்மன்’, அதாவது பெரிய பண்ணைக்காரரின் நிலத்தில் குடிசை போட்டு, அதற்கு ஈடாக அவருக்கு உழைத்துக் கொடுப்பவர். பரம்பரை நிலக்கிழார்கள் என்று எண்ணியிருந்த மாமனார் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

ஊர்த் தேவாலயப் பதிவேட்டில், வெளியேறியோர் பக்கத்தில், 1882இல் அவர் பெயருக்கு நேரே ‘அமெரிக்கா’ என்று எழுதியிருந்தது. பெர்கன் துறைமுகக் காவல்துறை 1874 முதல் எழுதிவந்த குடிபெயர்வோர் பேரேட்டிலும் அவர் இருந்தார். முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். பேரன் என்பதைப் ‘பெயரன்’ என்று பிரித்துப் பார்க்கும் நமக்கு இது புதிதல்ல. எல்லோரும் லூயிஸ் என்று அழைத்த மூத்த மகன் பதிவேட்டில் லார்ஸ்தான். அதன் பிறகே குடும்ப மரத்தில் அந்தப் பெயரை மையால் எழுதினேன்.

அதே பேரேட்டில் 1885இல் புறப்பட்ட ஓலேயின் அண்ணன், மணமுடித்துக் குடியேறிய பண்ணையின் பெயரால் ‘லீ’ என்று பதிவாகியிருக்கிறார். அவர் வழியினரைத் தேட வேண்டும். லீ என்ற பெயர் ஆங்கிலேயருக்கும் சீனருக்கும்கூட உண்டு என்பதால், இம்முறை சபைப் பதிவேட்டிலிருந்தே தொடங்கியிருக்கிறேன்.