சின்ன பிரதரின் வாய்க்கணக்கு

ரங்கூனில் நம் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்குச் 'சின்ன பிரதர்' என்றாலே தெரியும். அவர் வந்த 1959இல், பள்ளிப் பணிக்கென்றே உள்ள கத்தோலிக்கத் துறவற சபையான தெ லா சால் பிரதர்களில் அவரே வயதில் இளையவர், இருபத்து நான்கு. எனக்குப் பத்து. அப்பா பெகுவில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. அதனால் நான் விடுதிப் பையன். பகலில் மட்டும் வந்துபோன நண்பர்கள் காணாத சிலவற்றைக் கண்டிருக்கிறேன்.

விடிவதற்கு முன்பே சிற்றாலயத்தில் விளக்கு எரியும். ஜெபமும் பூசையும் முடித்து, வெள்ளை அங்கியும் கழுத்தடியில் இரட்டை வெள்ளைப் பட்டையுமாக அவர் படியிறங்கும்போது நாங்கள் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருப்போம். பகல் முழுவதும் வகுப்பு, மாலையில் கால்பந்து, பிறகு எங்கள் படிப்பு நேரத்துக்குக் காவல். ஒன்பது மணிக்கு நாங்கள் படுத்துவிடுவோம். அவருடைய நாள் அதோடு முடியவில்லை என்பதை ஒரு மழைக்கால இரவில்தான் அறிந்தேன். காய்ச்சலில் தூக்கம் வராமல் கிடந்தேன். கூடத்தின் கோடியில், திரைக்குப் பின்னால், அவர் மறுநாள் பாடத்தை ஆங்கிலத்தில் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை உதடசைத்துப் படித்தார். நடுவில் அகராதியைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பரீட்சைக்குப் படிக்கும் பையனைப் போலவே இருந்தார்.

வெள்ளைக்காரர் எல்லாருக்கும் ஆங்கிலம்தான் தாய்மொழி என்று அன்றுவரை நம்பியிருந்தேன். அவருடைய தாய்மொழி ஜெர்மன். மூத்த பிரதர்கள் உதட்டைக் குவித்துச் சொல்லிக்கொடுத்த 'வாட்டர்', 'விண்டோ' எல்லாம் அவர் வாயில் எங்கள் வீட்டு வகரத்தோடே வரும். எங்களுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இன்று சொல்லிப் புரியவைப்பது கடினம்.

கணக்கு வகுப்புதான் அவருடைய தனிச்சிறப்பு. கரும்பலகையில் பெரிய கூட்டல் போடும்போது அவர் உதடுகள் முணுமுணுக்கும். என்ன சொல்கிறீர்கள் என்று ஒருவன் கேட்டேவிட்டான். அவர் மறைக்கவில்லை. "பாடம் ஆங்கிலத்தில் நடத்துகிறேன், எண்ணுவது மட்டும் அம்மா சொல்லிக்கொடுத்தபடிதான் வருகிறது" என்றார். அவர் மொழியில் நாற்பத்திரண்டை 'இரண்டும் நாற்பதும்' என்று திருப்பிச் சொல்வார்களாம். அவசரத்தில் 42ஐ 24 என்று எழுதிவிட்டுத் தாமே அழித்துத் திருத்துவதற்குக் காரணம் அதுதான். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்கள் எந்த மொழியில் எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் தமிழோ பர்மியமோ பேசினால் ஐந்து பியா (பர்மியச் சில்லறைக் காசு) அபராதம் என்பது அன்றைய விதி. அபராத உண்டியலை எடுத்து மேசையறைக்குள் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து கணக்கு நேரத்தில் எங்கள் தமிழ் வாய்ப்பாடு வகுப்பறையில் உரக்கவே ஒலித்தது.

இன்னொரு நாள், 'என் தம்பி புத்தகம் படிப்பதால்' என்பதை நான் தமிழிலும், பக்கத்துப் பையன் பர்மியத்திலும் சொல்ல, ஒலியை அப்படியே ரோமன் எழுத்தில் பலகையில் எழுதினார். கீழே ஆங்கிலம், அதற்கும் கீழே ஜெர்மன். நான்கிலும் வினையைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். ஆங்கிலத்தில் மட்டும் வட்டம் நடுவில் நின்றது. மற்ற மூன்றிலும் கடைசிக்குப் போய்விட்டது. நாங்கள் வாக்கியத்தை எங்கே தவறவிடுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவரும் அங்கேதான் தடுக்கினார். எங்கள் நோட்டில் பிழையைக் கோடிட்டு அடிக்கமாட்டார்; அம்புக்குறி போட்டு வினையை நடுவுக்கு நகர்த்துவார், அவ்வளவே. தம் சபையை நிறுவிய புனித லா சால், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்கு லத்தீனில் தொடங்காமல் தாய்மொழியிலேயே வாசிக்கக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்லிவிட்டு, உண்டியல் இருந்த மேசையறையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறுகளில் விடுதிப் பையன்களை ராயல் ஏரிக்கரைக்கு அழைத்துப்போவார். மொய்ங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடை அம்மாளிடம் பர்மியம் பேசிப் பழகுவார். 'லா' என்பதைச் சட்டென்று நிறுத்தினால் நிலா, தணிவாக நீட்டினால் வா, உயர்த்தி நீட்டினால் கோவேறு கழுதை. மூன்றையும் அந்த அம்மாள் திருத்தத் திருத்தச் சொல்லிப் பார்ப்பார், சுற்றிலும் கூட்டம் நின்றாலும் கூச்சப்படமாட்டார். தெரியாததை எல்லார் முன்னிலையிலும் கற்றுக்கொண்ட ஆசிரியரை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

மற்றது உங்களுக்கும் தெரிந்த கதை. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1965 ஏப்ரலில் பள்ளியை அரசு எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே நாங்கள் மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினோம். 1948இல் பர்மாவுக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகு வந்த அயல்நாட்டுத் துறவியர் 1966இல் வெளியேற வேண்டியதாயிற்று. மூத்தவர்களில் சிலர் தங்க முடிந்தது. பிந்தி வந்த ஒரே காரணத்தால் சின்ன பிரதர் போகவேண்டியிருந்தது. ஏழு ஆண்டுகளில் பர்மியத்தில் அப்போதுதான் அவர் சரளமாகியிருப்பார்.

வியாசர்பாடியில் என்னைத் தமிழ்வழி வகுப்பில் உட்காரவைத்தார்கள். வீட்டில் பேசிய தமிழைத் தவிர வேறு தமிழ் எனக்குத் தெரியாது. வரலாற்றுப் பாடத்தை இரவில் ஒரு சொல் விடாமல் எழுதி, உதடசைத்துப் படித்தேன். அம்மா, "யாரோடு பேசுகிறாய்?" என்று கேட்டார். பிரதர் செய்வது இது என்றேன்.

இருந்தால் அவர் தொண்ணூறைத் தொட்டிருப்பார். ரங்கூனுக்குப் பிறகு அவரோடு வேறு எந்த நாட்டுப் பள்ளியிலாவது இருந்தவர்கள், கேள்விப்பட்டவர்கள் நம் பழைய மாணவர் சங்கச் செயலாளருக்கு இரண்டு வரி எழுதுங்கள். உயரமானவர், இடக்கையால் எழுதுவார், கூட்டல் போடும்போது உதடு அசையும்.